விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு: இனிப்பு நீரும் தோல் பூஞ்சையும்

மழைக்காலத்தில் செம்பனைத் தோட்ட வேலை முடிந்து வீடு திரும்புபவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போது கவனித்திருக்கிறீர்களா? காலுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து, ஊறிய அரிசி போல நொய்ந்திருக்கும். விரித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரியும். ஊரில் இதைச் சேற்றுப்புண் என்கிறோம். மலாய்க்கார நண்பர்கள் 'கூத்து ஆயர்' என்பார்கள். பெயரில் சேறும் தண்ணீரும் இருந்தாலும், பெரும்பாலும் இதன் காரணம் பூஞ்சைதான்.

சுங்கை ரம்பாயில் இருக்கும் என் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பதினொரு ஆண்டுகளாக அவருக்கு இனிப்பு நீர். இடுப்பில் வட்டமாக ஒரு படை, கால் விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த களிம்பைப் பூசினார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. "நல்ல மருந்துப்பா, உடனே கேட்குது" என்றார். இரண்டு மாதம் கழித்து இடுப்புப் படை முதுகுவரை பரவியிருந்தது. ஒரு நாள் காலையில் பாதம் கணுக்கால்வரை சிவந்து வீங்கி, காய்ச்சலும் அடித்தது. மருத்துவமனையில் அவருடைய சின்ன விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு படைக்காக விரல் போகுமா? பூஞ்சை விரலைத் தின்னாது. ஆனால் அது ஒரு கதவைத் திறந்துவிடும். அந்தக் கதவு எப்படித் திறக்கிறது, எப்படி அடைப்பது, நாமே பூசிக்கொள்ளும் களிம்பு ஏன் சில நேரம் அதை அகலத் திறந்துவிடுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

செத்த தோலைத் தின்னும் உயிர்

பூஞ்சை செடியும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. ரொட்டியில் படரும் பூஞ்சணமும், மரத்தடியில் முளைக்கும் காளானும், தோசை மாவைப் புளிக்க வைக்க உதவும் ஈஸ்ட்டும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் தோலுக்கு வருபவை முக்கியமாக மூன்று வகை.

முதல் வகை, தோல், முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. தோலின் மேலடுக்கு செத்த உயிரணுக்களால் ஆனது. அதில்தான் இவை இழை இழையாகப் படரும். நடுவில் தின்று முடித்ததும் ஓரம் நோக்கி நகரும். அதனால்தான் படர்தாமரை வளையம் போல, நடுவில் தெளிந்தும் ஓரத்தில் சிவந்து செதில் விட்டும் இருக்கிறது. சேற்றுப்புண், தொடை இடுக்குப் படை, தடித்து மஞ்சளித்த நகம் எல்லாம் பெரும்பாலும் இவற்றின் வேலைதான்.

இரண்டாம் வகை கேண்டிடா என்ற ஈஸ்ட். இது நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும். ஈரமும் சர்க்கரையும் கூடினால் அளவுமீறிப் பெருகும். மார்புக்குக் கீழே, வயிற்று மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கில் பளபளவென்று சிவந்து எரியும். பெரிய சிவப்பைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகள் சிதறியிருந்தால் அது கேண்டிடாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது மலசீசியா. இதுதான் தேமல், மலாயில் 'பானாவ்'. முதுகிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது பழுப்புத் திட்டுகளாக வரும். பெரிய ஆபத்து இல்லாதது.

மூன்றும் பூஞ்சைதான் என்றாலும் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. நிஸ்டாட்டின் கேண்டிடாவுக்கு நல்ல மருந்து, படர்தாமரைக்கு அது பயன்படாது. டெர்பினாஃபின் மாத்திரை படர்தாமரைக்கு நல்லது, தேமலுக்கு வேலை செய்யாது. ஆகவே எது என்று தெரியாமல் பூசுவது, எந்தப் பூட்டு என்று பார்க்காமல் சாவியைத் திருகுவது போல.

இனிப்பு நீர் ஏன் வழிவிடுகிறது?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோயுறுவு ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 18.3இல் 8.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நீரிழிவு இருப்பதே அதுவரை தெரியாது. அதனால் படை ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், இதுவரை சோதித்துப் பார்க்காதவர்கள் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. சிலருக்கு இனிப்பு நீரின் முதல் அறிகுறியே அந்த அரிப்பாக இருக்கும்.

சர்க்கரை கூடினால் உடலில் நான்கு காரியங்கள் நடக்கின்றன.

ஒன்று, காவல் தளர்கிறது. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளையணுக்கள், சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் மந்தமாகிவிடுகின்றன. கிருமியைத் துரத்துவதும் விழுங்குவதும் குறைகிறது.

இரண்டு, தீனி கூடுகிறது. தோலின் ஈரத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை மிகுவது கேண்டிடாவுக்கு விருந்து.

மூன்று, இரத்த ஓட்டம் குறைகிறது. காலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கெடும்போது, புண்ணை ஆற்றும் பொருள்கள் போய்ச் சேர்வதில்லை. உட்கொண்ட மருந்தும் குறைவாகவே சேரும்.

நான்காவதுதான் மிகக் கொடியது. நரம்பு மரத்துப்போகிறது. வெடிப்பு இருக்கும், வலி இருக்காது. வலி இல்லாவிட்டால் நாம் குனிந்து பார்ப்பதில்லை. சேற்றுப்புண் வெடிப்பு வழியே பாக்டீரியா உள்ளே போகும். தோலின் ஆழத்தில் பரவி, காலைச் சிவக்கவைத்து வீங்கவைக்கும். பெரியம்மாவின் விரலைப் பறித்தது அந்த பாக்டீரியாதான். கதவைத் திறந்துவிட்டது பூஞ்சை.

இனிப்பு நீர்க்காரர்கள் மட்டுமல்ல, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள், ஆஸ்துமா அல்லது மூட்டு நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அவர்களுக்குப் படை அகலமாகப் பரவும், ஆழமாக இறங்கும், வழக்கமான வளைய வடிவம்கூட இல்லாமல் வரும்.

கண்ணால் பார்த்தால் போதுமா?

பல நேரம் அனுபவமுள்ள மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். ஆனால் ஏமாற்றும் நோய்கள் நிறைய உண்டு. காசு போல வட்டமாக வரும் எக்ஸிமா, வெள்ளிச் செதில் விடும் சொரியாசிஸ் இரண்டும் படர்தாமரை போலவே தோன்றும். விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் பழுப்புத் திட்டாக வரும் எரித்ராஸ்மா என்பது பாக்டீரியாவால் வருவது. இனிப்பு நீர்க்காரர்களிடம் அதிகம். பூஞ்சை மாத்திரை அதைத் தொடாது. தடித்த நகம் எல்லாமே பூஞ்சை அல்ல. இறுக்கமான பூட்ஸில் அடிபட்டும் நகம் தடிக்கும்.

இன்னொன்றை மறக்கக்கூடாது. வெளிறிய திட்டு, அரிப்பே இல்லை, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவு என்றால் அது தேமல் என்று விட்டுவிடாதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். மருந்தால் முழுமையாகக் குணமாகும் நோய்தான். காலம் தாழ்த்தினால் நரம்பு போய்விடும்.

சந்தேகம் வந்தால் மருத்துவர் செய்யும் சோதனை, நம் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருளால் செய்வது: பொட்டாசியம் ஹைட்ரோக்சைடு. படையின் ஓரத்திலிருந்து மழுங்கிய கத்தியால் கொஞ்சம் செதிலைச் சுரண்டி எடுப்பார்கள். ஓரத்திலிருந்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. பூஞ்சை சுறுசுறுப்பாக இருப்பது அங்கேதான். செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 முதல் 20 விழுக்காட்டுக் கரைசலை ஒரு துளி விடுவார்கள். அந்தக் காரம் தோலின் கெரட்டினைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவரோ கைட்டின் என்ற வேறு பொருளால் ஆனது, இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். அது கரையாது. நுண்நோக்கியில் பார்த்தால் தோல் மறைந்து, கிளை கிளையாகப் பூஞ்சை இழைகள் மட்டும் நிற்கும். சில நிமிட வேலை. (தோலை அரிக்கும் காரம் இது, வீட்டில் தொட்டுப் பார்க்க வேண்டாம்.)

எந்த இனம் என்று தெரிய வேண்டுமானால் செதிலைச் சபூரோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர்கொண்ட ஊட்டத்தில் வளர்ப்பார்கள். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உட் விளக்கு என்ற புறஊதா விளக்கும் உதவும். அதன் ஒளியில் எரித்ராஸ்மா பவழச் சிவப்பாக மின்னும். நம் உடலில் வரும் பெரும்பாலான படர்தாமரை மின்னாது. ஆக, விளக்கில் மின்னவில்லை என்பதால் பூஞ்சை இல்லை என்று ஆகிவிடாது.

சோதனைக்குப் போகும் முன் ஒன்று: ஏற்கெனவே பூஞ்சைக் களிம்பு பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பூசிய தோலில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மருத்துவர் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்வார். வரும்போது அந்தக் களிம்புக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் என்ன இருந்தது என்பதே பாதி நோயறிதல்.

மூன்று நாளில் கேட்கும் களிம்பு

பெரியம்மாவின் களிம்பில் என்ன இருந்தது? பூஞ்சை மருந்து கொஞ்சம், பாக்டீரியா மருந்து கொஞ்சம், அவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. நம் உடல் பூஞ்சையோடு போடும் சண்டையை நிறுத்திவைக்கும். சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் புகைதான். சண்டை நின்றதும் புகை அடங்குகிறது. நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். எதிர்ப்பார் இல்லாத வயலில் பூஞ்சை நிம்மதியாகப் படர்கிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட மூர்க்கமாக அரிக்கும். மறுபடி பூசுவோம். நாள்பட்டால் தோல் மெலிந்து, கோடு கோடாக வெடித்துவிடும். வளைய வடிவமும் கலைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. இப்படி முகமூடி போட்டுக்கொண்ட படையை 1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். அதற்கு 'அடையாளம் மறைத்த படை' என்ற பொருளில் ஒரு இலத்தீன் பெயரே உண்டு.

இந்தத் தவறு ஒரு நாடு முழுவதும் நடந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா காட்டிவிட்டது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அங்கே படர்தாமரை ஒரு பெருநோய் போலப் பரவியது. முன்பு இரண்டு வாரக் களிம்பில் போன படை, மாதக் கணக்கில் மருந்து சாப்பிட்டும் போகவில்லை. குடும்பம் குடும்பமாக வந்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் கடையில் சீட்டில்லாமல் தாராளமாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அவர்களுடைய சங்கம் இதற்கென்றே ஒரு செயற்குழு அமைத்தது. 2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற பட்டியலுக்கு மாற்றியது.

அதற்குள் புதிய பூஞ்சை ஒன்று வேரூன்றிவிட்டது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோபைட்டன் இந்தோடினியே என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்தியர், நேப்பாளியர் ஆகியோரின் தோலிலிருந்து எடுத்தது. டெர்பினாஃபின் மருந்துக்கு அது மசியவில்லை. 2023 மே மாதம் நியூ யார்க்கில் இருவருக்கு அது கண்டுபிடிக்கப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் அறிவிப்பு. ஒருவர் வங்காளதேசம் போய்வந்தவர். மற்றவர் அண்மையில் வெளிநாடு எங்கும் போகாதவர். இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் நேப்பாளத்துக்கும் நம் நாட்டுக்கும் இடையே தொழிலாளர்களும் உறவினர்களும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் "அங்கே கிடைக்கும் அந்தக் களிம்பில் பத்துக் குழாய் வாங்கி வா" என்று சொல்லும் வழக்கத்தையும் யோசித்துப் பாருங்கள்.

மலேசியாவில் முறையாகப் பதிவுபெற்ற மருந்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பசார் மாலாமில் பெயரில்லா டப்பாவில் விற்கும் களிம்பில் அது இருக்காது. "எல்லாத் தோல் நோய்க்கும் ஒரே மருந்து" என்று யாராவது சொன்னாலே உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். லேபிளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், டெக்சாமெத்தசோன் ஆகிய பெயர்கள் தெரிந்தால், மருத்துவர் சொல்லாமல் படையில் பூச வேண்டாம்.

மருந்து எங்கே அடிக்கிறது?

பாக்டீரியா நமக்குத் தூரத்து உறவு. அதன் உறுப்புகள் வேறு, நம் உறுப்புகள் வேறு. அதனால் நமக்குக் கெடுதல் இல்லாமல் அதை மட்டும் கொல்லும் மருந்து எளிதாகக் கிடைத்தது. பூஞ்சையோ நமக்குக் கொஞ்சம் நெருங்கிய உறவு. அதன் உயிரணுவிலும் நம்மைப் போலவே உட்கரு உண்டு. அதைக் கொல்ல எடுத்த கத்தி நம்மையும் கீறிவிடும். பூஞ்சைதான் படைக்குக் காரணம் என்று டேவிட் குருபி என்ற மருத்துவர் பாரிசில் 1841இலேயே காட்டினார். ஆனால் அதற்குச் சாப்பிடும் மாத்திரை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1939இல் கண்டுபிடித்த கிரிசியோஃபல்வின், வாய்வழி கொடுத்தால் படையைக் குணமாக்கும் என்று 1958இல்தான் கினி எலிகளில் நிரூபணமானது.

பிறகு ஒரு வித்தியாசம் கைகொடுத்தது. நம் உயிரணுச் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சையின் சவ்வில் இருப்பது எர்கோஸ்டெரால். இந்த எர்கோஸ்டெராலைப் பூஞ்சை படிப்படியாகத் தயாரிக்கிறது. டெர்பினாஃபின் அந்த வரிசையில் முன்படியை அடைக்கும். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், ஃபுளுகோனசோல், இட்ராகோனசோல் என்று 'அசோல்' வால் கொண்டவை பின்படி ஒன்றை அடைக்கும். இந்தோடினியே பூஞ்சையில் பலவற்றிடம், டெர்பினாஃபின் பிடிக்கும் நொதியின் 397ஆவது இடத்தில் பினைல்அலனினுக்குப் பதில் லூசின் என்ற அமினோ அமிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு மாற்றம். பூட்டின் துளை கொஞ்சம் வளைந்துவிட்டது, சாவி நுழையவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் இட்ராகோனசோலை நாடுகிறார்கள்.

சின்னப் படைக்கு வழக்கமாகக் களிம்பே போதும். படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர்வரை பூச வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்தக்கூடாது. தோல் தெளிந்த பிறகும் சொன்ன நாள்வரை, பொதுவாக ஒன்றிரண்டு வாரம், தொடர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் இன்னும் அங்கே இருக்கும். படை பரவியிருந்தாலும், தலையிலோ நகத்திலோ இருந்தாலும், எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தாலும் மாத்திரை தேவைப்படலாம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். பெருவிரல் நகம் முழுதும் புதிதாக வர ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் நகம் மாறவில்லையே என்று மனம் தளர வேண்டாம். அடியில் வளரும் புது நகம் தெளிவாக வருகிறதா என்று பாருங்கள்.

மருந்தும் மருந்தும் மோதும்போது

நாள்பட்ட நோயாளிக்குப் பூஞ்சை மாத்திரை கொடுப்பது மற்றவர்களுக்குக் கொடுப்பது போல எளிதல்ல. அவருடைய மேசையில் ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை இருக்கும். நம் கல்லீரல் பல மருந்துகளை ஒரே நொதிகளால்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அசோல் மருந்துகள் அந்த நொதிகளை அடைத்துவிடும். அப்போது மற்ற மருந்து உடலில் தேங்கும்.

கிளிக்கிளசைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு ஃபுளுகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று மிகத் தாழ்ந்து, வியர்த்து, தலைசுற்றி விழக்கூடும். வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட இதைச் செய்யும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதே ஜெல்லால் இரத்தக்கசிவு வரலாம். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர் இட்ராகோனசோல் சாப்பிடக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். இதயம் பலவீனமானவருக்கும் இட்ராகோனசோல் ஆகாது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக டாக்ரோலிமஸ், சைக்குளோஸ்போரின் சாப்பிடுபவருக்கு அந்த மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். டெர்பினாஃபின் இவ்வளவு மோதாது என்றாலும், கல்லீரல் நோய் உள்ளவருக்கும் சிறுநீரகம் பாதிக்குக் கீழ் வேலை செய்பவருக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. ஆனால் சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் கேண்டிடா வரலாம். பெண்களும் ஆண்களும் வெட்கப்பட்டு இதை மறைத்துவிடுகிறார்கள், அல்லது மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. சொன்னால் எளிதாகத் தீரும் தொல்லை இது.

ஆகவே நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான்.

சீமை அகத்தி இலை

இந்த இடத்தில் பெரியவர்கள் கேட்பார்கள்: "சீமை அகத்தியை அரைத்துப் பூசி நாங்கள் ஆற்றவில்லையா?" மலாய்க்காரர்கள் 'கெலெங்காங்' என்று அழைக்கும் அதே செடி. மஞ்சள் மெழுகுவத்தி போலப் பூக்கும். படைக்கு அதைப் பூசுவது பல நாட்டு மக்களின் வழக்கம், வெறும் நம்பிக்கை அல்ல. அதன் இலையில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. உடல் நலமாக உள்ளவர் சின்னப் படைக்குப் பூசினால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இலைக்கு இலை வீரியம் மாறும், எரிச்சலும் தரும். இனிப்பு நீர்க்காரரின் வெடித்த பாதத்தில் பச்சிலைச் சாந்து, சுண்ணாம்பு, உப்பு வெந்நீர், பேட்டரித் தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது, எரிவும் தெரியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

குளித்ததும் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றித் துடையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். பாதம் வறண்டால் ஈரக் களிம்பு பூசலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மங்கிய தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது.

பூட்ஸ் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். இல்லாவிட்டால் இரவில் கவிழ்த்துக் காற்றாட வையுங்கள். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி வேலைக்கு எடுத்துப் போங்கள்.

துண்டு, சாரோங், சீப்பு, சிலிப்பர் எதையும் பகிர வேண்டாம். பூஞ்சையின் வித்துகள் துணியில் பல நாள் உயிரோடு இருக்கும். வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். வீட்டில் இருவருக்குப் படை என்றால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். பூனைக்கு முடி உதிர்ந்து வட்டம் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். மாசி மகத்துக்கும் தைப்பூசத்துக்கும் வேண்டுதலாக நடப்பவர்கள், கால் மரத்திருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கோயில் தரையின் சூட்டில் கொப்பளம் வந்ததே தெரியாமல் போகும். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தே உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் சொல்லிவிடுவார். வலிக்காத சோதனை.

எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை இறங்காமல் படை மட்டும் போனால், அது திரும்பி வரும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கால் சிவந்து சூடாகி வீங்கினால், சீழோ நாற்றமோ வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், சிவப்பு மேலேறிக்கொண்டே போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். வலி இல்லை என்பது இங்கே நல்ல செய்தி அல்ல. இரண்டு வாரம் முறையாகப் பூசியும் படை குறையவில்லை என்றாலும், முகம், தலை, நகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தாலும், களிம்பை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெரியம்மா இப்போது நலம். செதிலைச் சுரண்டிப் பார்த்து, பூஞ்சை என்று உறுதி செய்து, அவருடைய மற்ற மாத்திரைகளையும் பார்த்துத்தான் மருத்துவர் மருந்து எழுதினார். இடுப்புப் படை மறைய மூன்று மாதம் ஆனது. அந்தப் பழைய களிம்புக் குழாயை அவர் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார், பூசுவதற்கு அல்ல. யாராவது "எனக்கும் படை, ஒரு நல்ல மருந்து சொல்லுங்க அக்கா" என்று கேட்டு வந்தால் அந்தக் குழாயைக் கையில் கொடுத்து, தன் இடது பாதத்தையும் நீட்டிக் காட்டுகிறார். நான்கு விரல்தான் இருக்கிறது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இன்றிரவு படுக்கப் போகும் முன் உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவரின் கால் விரல்களை ஒருமுறை விரித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.